ஐந்தாவது பாட்டிலிருந்து இன்னாசி இல்லை

புரொடியூசர் என்றால் படத்துக்குப் பணம் போடுகிற ஆள் என்றுதான் நம் ஊரில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் சம்பந்திகூட அப்படித்தான் கேட்டார். அவர் வேறு, இவர் வேறு ஐயா. ஒரு ஆல்பம் பண்ணும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "இது வேண்டாம், அது இருக்கட்டும், மறுபடி வாசி" என்று உயிரை எடுக்கிறாரே, அவர்தான் எங்களுக்குப் புரொடியூசர். நல்லவர் அமைந்தால் சுமாரான பாட்டும் நிமிர்ந்து நிற்கும். சரியில்லாதவர் கையில் மாட்டினால் தெய்வமே வந்து பாடினாலும் எடுபடாது.

அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்ததில் நான் இன்னாசிக்குச் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சொல்லாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

நாங்கள் 'ஷன்டிங்'. எங்களை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஐம்பது வயதாவது இருக்கும். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் 2004-ல் தொடங்கிய பாப் குழு. ஃப்ளோரா பாட்டு. இன்னாசி பேஸ் கிட்டார், கூடவே ஃப்ளோராவுக்கு அடியில் ஒரு கீழ்க்குரல். கோதண்டமாகிய நான் டிரம்ஸ். கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் எத்தனையோ பேர் வந்தார்கள், சண்டை போட்டார்கள், போனார்கள். நாங்கள் மூவர் மட்டும் நாற்பது வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. முதல் ஆல்பத்தை மிக்ஸ் பண்ணும்போது வந்தது. மிக்ஸிங் பலகையில் ஆளுக்கொரு ஃபேடர் இருக்கும், மேலே தள்ளினால் அவர் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். அன்றைக்கு நான் என்னுடையதை ஏற்றினேன். இன்னாசி அவனுடையதை ஏற்றினான். ஃப்ளோரா சும்மா இருப்பாளா? ஒரு மணி நேரத்தில் சாலிகிராமத்து ஸ்டூடியோக்காரரின் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஃப்ளோரா அங்கேயே சட்டம் போட்டாள், "இனிமே அவங்கவங்க சத்தத்தை அவங்கவங்க தொடக்கூடாது." அன்றிலிருந்து ஃப்ளோராவின் ஃபேடர் இன்னாசியின் கையில். என்னுடையது ஃப்ளோராவின் கையில். இன்னாசியுடையது என் கையில். "குறைக்கலாம், ஆனா அணைக்கக்கூடாது" என்று இன்னாசி ஒரு வரி சேர்த்தான்.

எத்தனையோ புரொடியூசர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாங்கள் மாறவில்லை. மூன்றாவது ஆல்பத்தின்போது ஃப்ளோராவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதில் என் டிரம்ஸ், பக்கத்து வீட்டில் யாரோ அப்பளம் நொறுக்குவது மாதிரிக் கேட்கும். அப்போதுகூட அவள் அணைக்கவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாளம் கொஞ்சம் பிசகினாலும் எனக்குத் தாங்காது. கல்யாண வீட்டில் மேளக்காரர் அரை மாத்திரை தள்ளி அடித்தால் பந்தியை விட்டு எழுந்து போயிருக்கிறேன். என் மனைவி இருந்தவரை இதற்காகவே என்னை எங்கும் கூட்டிப்போக மாட்டாள்.

கடைசி ஆல்பம் வந்து பதினாறு வருஷம் ஆனபிறகு, 2044-ல், ஒரு ஆடியோ கம்பெனி எங்களைத் தேடி வந்தது. வர்ஷிணி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், அயனாவரத்தில் ஃப்ளோராவின் வீட்டுக்கு ஒரு காலை நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்களுக்கு அறுபத்து நாலு வயது. இன்னாசிக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட், வலது கையில் லேசான நடுக்கம். டீ டம்ளரை மேஜையிலேயே வைத்துவிட்டுக் குனிந்து குடிப்பான்.

"ரெண்டு புரொடியூசர் சம்மதிச்சிருக்காங்க சார்" என்றாள் வர்ஷிணி. "தாரிணி மேடம், அப்புறம் வர்மன் சார். நீங்க யோசிச்சுக் குழம்பவே வேண்டாம். ரெண்டு பேரோடயும் நீங்க பண்ணப் போற ஆல்பத்தை இப்பவே கேட்டுடலாம்."

"பண்ணாத ஆல்பத்தையா?" என்றேன்.

"ஆமா சார். முன்னொலின்னு பேரு. உங்க பழைய ரெக்கார்டிங், ஸ்டூடியோவுல நீங்க போட்ட சண்டை, கையில கட்டியிருக்கற பட்டையில ஏறுற ரத்த அழுத்தம், தூக்கம், டாக்டர் ரிப்போர்ட் எல்லாத்தையும் வாங்கிக்கும். வாங்கிட்டு நாப்பது நாள் ரெக்கார்டிங்கை உள்ளுக்குள்ளயே ஓட்டிப் பாக்கும். கடைசி நாள் கையில என்ன பாட்டு இருக்குமோ, அதை அப்படியே குடுத்துடும்."

இன்னாசி சிரித்தான். "அப்ப நாங்க இன்னாத்துக்கும்மா? அதையே வெளிய வுட்டுடு."

"சட்டம் விடாது சார். மனுஷங்க வாசிச்சதுன்னு முத்திரை இருந்தாதான் வெளியிடலாம்."

"அந்த மட்டும் சந்தோஷம்" என்றாள் ஃப்ளோரா.

மூவரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு வாரம் கழித்து அதே ஹாலில் கேட்க உட்கார்ந்தோம். இன்னாசியின் மனைவி ரோஸ்லினும் வந்திருந்தாள்.

முதலில் தாரிணியின் ஆல்பம். ஒன்பது பாட்டு. குறை சொல்ல எதுவும் இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இருந்தது. இன்னாசி ஒன்பதிலும் இருந்தான், துளி நடுக்கம் இல்லாமல், முப்பது வயதில் வாசித்த மாதிரி. "கை சரியாயிடும்போல" என்று ரோஸ்லின் சந்தோஷப்பட்டாள்.

பிறகு வர்மன். ஒரு வரிக்கு அறுபது டேக் எடுப்பார், சாப்பாட்டு நேரம் என்பார் இல்லை, பாடகிகள் அழுதுகொண்டே வெளியே வருவார்கள். முதல் பாட்டு தொடங்கியது. அட, என்னத்தைச் சொல்ல! ஃப்ளோராவின் குரலில் ஒரு விரிசல் இருக்கிறது, கடைசி ஆல்பங்களில் அதை மறைக்கத்தான் எல்லோரும் பார்த்தார்கள். வர்மன் அந்த விரிசலைப் பிடித்து நடுவில் வைத்திருந்தார். ஃப்ளோரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்காவது பாட்டில் இன்னாசியின் பேஸ் மட்டும் தனியாக ஒரு நிமிஷம் போகிறது. கொஞ்சம் தள்ளாடித்தான் போகிறது. எனக்கு அங்கே பல் கூசியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது பாட்டில் இன்னாசி இல்லை. பேஸ் இல்லை, கீழ்க்குரலும் இல்லை. அடியில் ஒரு கீபோர்டு மட்டும் நிரப்பிக்கொண்டு போனது. ஆறாவதிலும் இல்லை. ஒன்பதாவது முடிகிறவரை இல்லை. பாட்டுகள் என்னவோ ஒன்றைவிட ஒன்று பிரமாதமாக இருந்தன. தாளம் கத்தி மாதிரி நின்றது. எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

"நான் எங்கடா?" என்றான் இன்னாசி.

வர்ஷிணியின் முகம் வெளுத்துவிட்டது. ஃப்ளோரா அவளை விடவில்லை. "சொல்லும்மா. ஏன் இவன் இல்லை?"

"அது சொல்லாது மேம். பாட்டை மட்டும்தான் குடுக்கும். உள்ள யார் என்ன பேசினாங்க, என்ன நடந்ததுன்னு பாக்க எங்களுக்கே அனுமதி இல்லை. அவங்கவங்க அந்தரங்கம்னு சட்டம்."

"உனக்கு ஏதோ தெரியுது. மூஞ்சியே சொல்லுது."

வர்ஷிணி தண்ணீர் குடித்தாள். "போன வருஷம் மதுரையில ஒரு குழு. முன்னொலியில பாடகரோட குரல் ஏழாவது பாட்டுலேர்ந்து இல்லை. விளையாட்டா எடுத்துக்கிட்டாங்க. ரெக்கார்டிங் பத்தொன்பதாவது நாள், மைக் முன்னாடியே, மாரடைப்பு."

ரோஸ்லின் எழுந்து வந்து, எல்லோரையும் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அந்த ஆள் வேணாம்ணே. இவரைக் கொன்னுடாதீங்க."

வேறு காரணம் இருக்கலாம் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும், "மிக்ஸிங்கில் யாராவது தூக்கியிருப்பார்கள்" என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்க மாட்டோம். எங்களில் ஒருவர் சத்தத்தை இன்னொருவர் அணைப்பது என்பது நாற்பது வருஷத்தில் நடக்காதது. செத்துப்போனால் ஒழிய ஒருவர் பாட்டில் இல்லாமல் போக முடியாது என்றுதான் எங்கள் மூன்று பேர் புத்திக்கும் எட்டியது.

இன்னாசிதான் முதலில் வாயைத் திறந்தான். "வர்மனையே போடு."

"லூசாடா நீ?" என்றேன்.

"நாலு பாட்டு கேட்டல்ல? அந்த நாலாவது பாட்டு கேட்டல்ல? அது மாதிரி நான் எப்பனா வாசிச்சிருக்கேனா? இந்தக் கைய வச்சிக்கினு வூட்ல குந்திக்கினு இன்னா கிழிக்கப் போறேன்? நாலு போதும்டா எனக்கு."

"உன் பொண்டாட்டி அங்க நிக்கிறா."

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீ கையெழுத்துப் போடு."

ஃப்ளோராவுக்கு வர்மன் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் குரல் இனி அவளுக்குக் கிடைக்காது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு, "தாரிணி" என்றாள். மூன்று கையெழுத்தும் ஒரே பெயருக்கு இருக்க வேண்டும். இன்னாசி ஒரு வாரம் அசையவில்லை. கடைசியில் நான் அவன் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "நீ இல்லாத ஆல்பத்துக்கு நான் டிரம்ஸ்ல உக்கார மாட்டேன். உன் பொணத்து மேல வந்த பாட்டுக்கு எவன் தாளம் போடுவான்?" அவன் நடுங்குகிற கையால் தாரிணியின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.

தெருவில் நடந்து வரும்போது, நண்பன் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

தாரிணி தங்கமான பெண். பன்னிரண்டரை ஆனால் சாப்பாடு, ஐந்து மணி ஆனால் வீடு. யாரையும் மறு டேக் கேட்கவே மாட்டாள். பதினோராவது நாள் நாங்கள் வாசித்ததைப் போட்டுக் காட்டினாள். இன்னாசி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான்.

"யாரு வாசிக்கிறது இது?"

"நீங்கதான் சார். அங்கங்க கை கொஞ்சம் ஆடியிருந்தது, மெஷின்ல சுத்தம் பண்ணேன். உங்க பழைய வாசிப்பை வச்சுதான்."

இன்னாசி என் பக்கம் திரும்பினான். "கோது, இது நானா?"

தாளம் துல்லியமாக இருந்தது. வாய்தவறி, "நல்லாத்தானேடா இருக்கு" என்றேன்.

அவன் பேஸைப் பெட்டியில் வைத்து மூடினான். மறுநாள் வரவில்லை. மீதிப் பாட்டுகளுக்கு அவன் தேவைப்படவும் இல்லை, பழைய வாசிப்பிலிருந்தே தாரிணி எடுத்துக்கொண்டாள். முன்னொலியில் அவன் ஒன்பது பாட்டிலும் இருந்தது எப்படி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனி எப்படியோ முத்திரை வாங்கிவிட்டது. ஆல்பம் வந்தது, நான்கு பேர் கேட்டார்கள், போய்விட்டது.

மூன்று வருஷம். இன்னாசி உயிரோடு இருந்தான். பெரம்பூர் மார்க்கெட்டில் எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டுவான். கையிலிருந்த நடுக்கம் தோளுக்கு ஏறிவிட்டது. ரோஸ்லின்தான் சோறு ஊட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். "என்ன இருந்தாலும் உயிரோட இருக்கானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் முன்னொலியை அரசாங்கம் தடை செய்தது. கம்பெனி தன்னிடம் இருந்ததை அழிக்கும் முன் அவரவர் பங்கை அவரவருக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. எனக்கும் வந்தது. அந்த நாற்பது நாளில் நான் வாசித்தது, நான் பேசியது, நான் கை வைத்தது. மற்றவர்கள் பேசியது எதுவும் அதில் இருக்காது.

வர்மனின் ஆல்பத்தைத் திறந்தேன். என் டிரம்ஸ் வரிசை இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரிசை, 'இன்னாசி' என்று. நான் கை வைத்த ஃபேடர் என்பதால் அது என் பங்கில் வந்திருக்கிறது. ஒன்பது பாட்டுக்கும் அந்த வரிசை நீண்டிருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. செத்தவன் எப்படி ஒன்பது பாட்டுக்கும் வாசிப்பான்?

முதல் நான்கு பாட்டும் மிக்ஸ் ஆகி முடிந்திருந்தன, ஐந்தாவதின் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. இருபத்து இரண்டாம் நாள், மாலை நான்கு பத்து. ஐந்தாவது பாட்டிலிருந்து இன்னாசி, பூஜ்யம். கை, கோதண்டம்.

அந்த நேரத்து என் பேச்சையும் போட்டுக் கேட்டேன். என் குரல்தான். வர்மன் பேசிய இடங்களில் வெறும் அமைதி.

"இல்லை சார், ரொம்ப ஆடுது."

அமைதி.

"நீங்க அதுதான் அழகுங்கறீங்க. எனக்குப் பல் கூசுது சார்."

நீண்ட அமைதி.

"தெரியும் சார், விதி தெரியும். அவனுக்கு அசிங்கம் வரக்கூடாதுன்னுதான் பண்றேன். கடைசி வரைக்கும் வாசிக்கட்டும், சந்தோஷமா வாசிக்கட்டும். அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவனிடம் நான் எதுவும் சொன்னதாக அடுத்த பதினெட்டு நாளிலும் இல்லை.

இரக்கமே இல்லாதவர் என்று ஊரெல்லாம் சொன்ன அந்த மனுஷர் அவன் நடுக்கத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அவன் கூடப் பிறக்காத குறையாக இருந்த நான் அணைத்திருக்கிறேன். மெஷின் பொய் சொல்கிறது என்று திட்டிப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை. நான் அப்படித்தான் செய்திருப்பேன். எனக்குத் தெரியாதா என்னை?

இரண்டு நாள் படுக்கையிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் காலை, கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு இன்னாசி வீட்டுக்குப் போனேன். ரோஸ்லின் கதவைத் திறந்து, "வாங்கண்ணே" என்று வழிவிட்டாள். அவன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். இரண்டு கைகளும் மடியில் ஆடிக்கொண்டிருந்தன.

"உனக்கும் வந்திருக்குமே, திறந்தியா?" என்றேன்.

"செத்ததை எதுக்குடா தொறந்து கேக்கணும்?"

"நீ சாகலைடா."

அவன் புருவத்தைத் தூக்கினான்.

"நாப்பது நாளும் வந்திருக்க. ஒன்பது பாட்டும் வாசிச்சிருக்க. உன் நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகலை."

அவன் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு. "ரோசி, கேட்டியா? ஒம்போதும் வாசிச்சேனாம்" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். பிறகு அந்தச் சிரிப்போடேயே, "பின்ன ஏன்டா என் சத்தம் கேக்கலை?" என்றான்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. நாற்பது வருஷமாக அவன் ஃபேடரில் ஒரே ஒரு கைதான் இருந்திருக்கிறது. சிரிப்பு மெதுவாக இறங்கியது. திட்டுவான், எதையாவது எடுத்து அடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"எடுத்துக்கினுதானே வந்திருக்க?" என்றான் கடைசியில். "ஏத்து. கேக்கறேன்."

ஐந்தாவது பாட்டைப் போட்டேன். திரையில் அவன் பெயருக்கு நேரே ஃபேடர் அடியில் கிடந்தது. விரலை வைத்து மேலே தள்ளினேன். பேஸ் எழுந்து வந்தது. நடுங்கிக்கொண்டுதான் வந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் விழப்போகிற மாதிரி ஆடி, பிறகு நின்றது. கூடவே அவன் கீழ்க்குரல். வர்மன் சொன்னது சரி. நாங்கள் நாற்பது வருஷத்தில் பண்ணிய எதிலும் இது இல்லை. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இன்னாசி கண்ணை மூடிக்கொண்டான். வாசலில் ரோஸ்லின் கரண்டியோடு நின்றாள்.

மூன்றாவது வரியில் அவன் விரல் தடுமாறியது. ஒரு ஸ்வரம், அரை மாத்திரைக்கும் குறைவாகத்தான் இருக்கும், பின்தங்கியது.

சத்தம் குறைந்தது. ஏன் குறைகிறது என்று எனக்கே முதலில் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். என் விரல் ஃபேடரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தேன். இன்னாசி கண்ணைத் திறந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.